பத்து நிமிடக் குருகுலம்

'ஸ்பீட் மென்டரிங்' என்னும் சொல் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் அழைப்பிதழ்களிலும் இடம்பெறத் தொடங்கிவிட்டது. தமிழில் 'விரைவு வழிகாட்டல்' என்று போடுகிறார்கள். அறியாதவர்களுக்காக அதன் நடைமுறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அரங்கில் பன்னிரண்டு மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு படைப்பாளி: எழுத்தாளர், ஓவியர், குறும்பட இயக்குநர், ஒளிப்படக் கலைஞர், பதிப்பாளர், நூல் வடிவமைப்பாளர். மாணவர்கள் ஐந்தைந்து பேராக வந்து அமர்வார்கள். பத்து நிமிடம் பேச்சு. மணி அடிக்கும். எழுந்து அடுத்த மேசைக்குப் போகவேண்டும். இரண்டு மணி நேரத்தில் ஒரு மாணவர் பன்னிரண்டு படைப்பாளிகளைச் சந்தித்து முடித்துவிடுவார். பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப் புகைப்படம், தேநீர்.

இதை வழிகாட்டல் என்று அழைப்பதை நான் மறுக்கிறேன். நடத்துவோரின் நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. அவர்களில் என் நண்பர்களும் உண்டு. ஆனால் ஒரு கலையைக் கற்க வரும் இளைஞருக்கும் அக்கலையில் ஊன்றிய மூத்தவருக்கும் நடுவே இருந்தே ஆகவேண்டிய ஒன்று, இந்த ஏற்பாட்டில் தொடக்கத்திலேயே அகற்றப்பட்டுவிடுகிறது. அது படைப்பு. மேசைமீது இளைஞரின் கதையோ ஓவியமோ இல்லை. தண்ணீர்ப் புட்டியும் பெயர்ப்பலகையும்தான் இருக்கின்றன. படைப்பு இல்லாத மேசையில் நடப்பதற்கு அறிமுகம் என்று பெயர். அறிமுகம் தீயதன்று. அதை வழிகாட்டல் என்று சொல்லி இளைஞரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதுதான் தீயது.

இம்முறையின் பிறப்பிடம் தெரிந்தால் இது ஏன் இப்படியிருக்கிறது என்பது விளங்கும். 1998இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் யாக்கோவ் டேயோ என்னும் யூத குரு, மணமாகாத யூத ஆண்களும் பெண்களும் தம் சமயத்துக்குள்ளேயே துணை தேடிக்கொள்ளும் பொருட்டு 'ஸ்பீட் டேட்டிங்' என்ற முறையை வகுத்தார். சில நிமிடம் பேசிவிட்டு இடம் மாறவேண்டும். அதையே பின்னர் வணிக உலகம் தொழில் தொடர்புகளுக்கும், கல்வி உலகம் இளைஞர் வழிகாட்டலுக்கும் எடுத்துக்கொண்டன. பெண் பார்க்கும் படலத்துக்கு அம்முறை பொருத்தமானதே. ஏனெனில் அங்கே முடிவு செய்யவேண்டியது ஒன்றே ஒன்று: இவரை மறுபடி சந்திக்க விருப்பமா, இல்லையா? இருவரும் விரும்பினால் இரண்டாம் சந்திப்பு நிகழும். முதல் சந்திப்பு நடத்தப்படுவதே அந்த இரண்டாவதற்காகத்தான். நாம் இறக்குமதி செய்தபோது மணியையும் மேசைகளையும் கொண்டுவந்துவிட்டோம். இரண்டாம் சந்திப்பை அங்கேயே விட்டுவிட்டோம்.

ஒரு சிறு கணக்கும் போட்டுப் பார்க்கலாம். ஒரு மேசையில் ஐந்து மாணவர், பத்து நிமிடம். படைப்பாளி வாயே திறக்காமல் இருந்தாலும் ஒரு மாணவருக்குக் கிடைப்பது இரண்டு நிமிடம். அவர் பாதி நேரம் பேசினால் ஒரு நிமிடம். பெயர், ஊர், துறை சொல்லவே அது போய்விடும். இப்போது அதே கணக்கை மாற்றிப் போடுங்கள். பன்னிரண்டு படைப்பாளிகள் தலா இரண்டு மணி நேரம் தருகிறார்கள். ஆக 24 மணி நேரம். மாணவர் 60 பேர். ஒருவருக்கு ஒரே வழிகாட்டி என்று பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனியாக 24 நிமிடம் கிடைக்கிறது. ஒரு சிறுகதையை முன்னரே வாசித்து வைத்திருக்கும் எழுத்தாளருக்கு, அது எங்கே தளர்கிறது, எந்தப் பத்தியில் உண்மையில் தொடங்குகிறது என்று காட்டுவதற்கு 24 நிமிடம் போதும். ஆகவே நேரம் இல்லை என்பது காரணமன்று. இருக்கிற நேரத்தை அறுபதாக வகுப்பதற்குப் பதில் எழுநூற்றிருபதாக நறுக்கிவிட்டோம்.

கொங்குப் பகுதிக் கல்லூரி ஒன்றில் நடந்த இத்தகைய நிகழ்ச்சிக்கு எங்கள் மாணவியர் சிலரை அழைத்துச் சென்றிருந்தேன். விசைத்தறிக் கூடத்தில் இரவு ஷிப்ட் பார்க்கும் தன் தாயைப் பற்றி மூன்று கதைகள் எழுதியிருந்த ஒரு பெண் தன் நோட்டை எடுத்து வந்திருந்தாள். ஒவ்வொரு மேசையிலும் அந்த நோட்டு அவள் மடியில் இருந்தது. "நிறைய வாசிக்கணும்மா, நிறைய எழுதணும்" என்று ஏழு பேர் சொன்னார்கள். இருவர் தங்கள் முகநூல் பக்கத்தைப் பின்தொடரச் சொன்னார்கள். ஒருவர் தமக்குக் கிடைத்த விருதின் வரலாற்றைக் கூறினார். நோட்டைத் திறந்து காட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். கேட்டிருந்தாலும் வாசிக்கும் முன் மணி அடித்திருக்கும். திரும்பும்போது பேருந்தில் அவளிடம் எப்படியிருந்தது என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சுங்க ஐயா, எல்லாரும் நல்லா பேசுனாங்க" என்றாள். அதற்குமேல் சொல்ல அவளுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நம் மரபில் கற்றலைப் பற்றிய சிந்தனை இல்லாமல் போய்விடவில்லை. நன்னூலின் பொதுப்பாயிரத்தைத் தமிழ் பயின்றோர் அனைவரும் படித்திருப்பர். பவணந்தி முனிவர் அங்கே வியப்பூட்டும் ஒரு பின்னக் கணக்குத் தருகிறார். ஆசிரியர் உரைத்ததைக் குறைவறக் கேட்டுக்கொண்டாலும் மாணாக்கனுக்குச் சேர்வது கால் பங்குதான். உடன் பயில்வோரோடு பழகிக் கற்பதால் இன்னொரு கால். தான் பிறர்க்கு உரைப்பதால் மீதி அரை. ஒருமுறை கேட்டதை இருமுறை, மும்முறை கேட்கவேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து கேட்டவனுக்கே கால் பங்கு என்றால், மணிக்கு ஆறு ஆசிரியர் வீதம் கேட்பவனுக்கு எவ்வளவு? மேலும், உடன் பயில்வோரின் கால் பங்கு இந்நிகழ்ச்சிகளில் முற்றாகப் பறிபோகிறது. ஐந்து பேர் இரண்டு மணி நேரம் ஒன்றாகச் சுற்றுகிறார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. ஒரே மேசையில் கிடைக்கும் இரண்டு நிமிடத்துக்குப் போட்டியிடுபவர்களாக அவர்கள் ஆக்கப்படுகிறார்கள்.

இங்கே எதிர்த்தரப்பினர் ஒரு வலுவான சான்றைக் காட்டலாம். ஒரே ஒரு சந்திப்பு தமிழின் போக்கையே மாற்றியதில்லையா? மாற்றியது. 1880இல் கும்பகோணத்தில், அங்கே முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரை உ.வே. சாமிநாதையர் காணச் சென்றார். தாம் கற்ற நூல்களை அவர் அடுக்கடுக்காகச் சொல்ல, முதலியார் அவற்றில் நிறைவடையாமல், சீவக சிந்தாமணி முதலான பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டார். சங்க இலக்கியப் பதிப்பு வரலாற்றின் ஊற்றுக்கண் அந்த உரையாடல்.

ஆனால் அச்சந்திப்பின் முன்னையும் பின்னையும் பாருங்கள். முன்னே, 1871 முதல் 1876இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறையும்வரை அவருடனேயே வாழ்ந்து, பாடம் கேட்டு, அவர் செய்யுள் இயற்றிச் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதிய பயிற்சி இருந்தது. ஆசிரியர் படைப்பதை அருகிலிருந்து கண்ட மாணவர் அவர். பின்னே, முதலியார் அறிவுரையோடு நிறுத்திக்கொள்ளவில்லை. சிந்தாமணியின் பிரதியையே கையில் கொடுத்தார். இருவரும் தொடர்ந்து கூடி அந்நூலைப் படித்தனர். ஏழாண்டு உழைப்புக்குப் பின் 1887இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அந்த மேசையில் ஒரு நூல் இருந்தது. அதை இருவரும் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். பத்தாவது நிமிடத்தில் மணி அடித்து ஐயரை அடுத்த மேசைக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நேரில் சந்திப்பது இன்றியமையாதது என்பதற்கும் சிற்றிதழ் வரலாற்றில் மறுப்பு உண்டு. சி.சு. செல்லப்பா 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கி 1970 வரை நடத்தினார். கடல் கடந்து திருகோணமலையிலிருந்து தருமு சிவராமு என்ற, இருபது வயதை ஒட்டிய இளைஞர் அனுப்பிய கவிதைகளுக்கு அவ்விதழ் இடம் தந்தது. பின்னாளில் பிரமிள் என்று நாம் கொண்டாடியவர் அவரே. அங்கே நடுவில் இருந்தது அஞ்சலில் வந்த கையெழுத்துப் பிரதி. அதை ஒருவர் வாசித்தார், ஏற்றார், அச்சிட்டார்; 1962இல் 'புதுக்குரல்கள்' என்று தொகுத்து நூலாகவும் ஆக்கினார். அதே செல்லப்பா நூல் கட்டுகளைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போனவர் என்பதும் நாம் அறிந்ததே. அவர் மாணவர் முன்னே கொண்டுபோய் வைத்தது புத்தகங்களை.

பிற கலைகளிலும் நிலை இதுவே. 1977இல் ந. முத்துசாமி முதலியோர் கூத்துப்பட்டறையைத் தொடங்கியபின், புரிசை கண்ணப்பத் தம்பிரான் அதன் நடிகர்களுக்குத் தெருக்கூத்து பயிற்றுவித்தார். அடவு கால் வழியாகத்தான் ஏறும். ஆசானின் கண் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். பத்து நிமிடப் பேச்சில் அது இறங்காது.

இனி, இம்முறைக்காக வாதிடுவோரின் தலையாய நியாயத்துக்கு வருகிறேன். குருகுலம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. சாதியும் பாலும் வாசலில் நின்று தடுத்தன. உறவும் பரிந்துரையும் உள்ளவர்களே பெரிய மனிதர்களை நெருங்க முடிந்தது. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு இந்தப் பத்து நிமிடமாவது கிடைக்கட்டும் என்கிறார்கள். மறுக்கமுடியாத நியாயம். மகாவித்துவானிடம் சவேரிநாத பிள்ளை என்ற கிறித்தவரும் குலாம் காதிறு நாவலர் என்ற இசுலாமியரும் கற்றனர் என்று பெருமை பேசலாம். ஆனால் அந்தத் திண்ணைக்கு வரவே முடியாதவர்களின் எண்ணிக்கை மிகப் பெரிது. பழைய குருகுலத்தை மீட்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. அந்த முதல் தலைமுறை மாணவருக்காகவே இந்த ஏற்பாடு என்றால், அவரே இதில் ஏன் தோற்கிறார்? பத்து நிமிடப் பந்தயத்தில் வெல்வது யார்? தயங்காமல் பேசுபவர், ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்துகொள்ளத் தெரிந்தவர், விசிட்டிங் கார்டு அடித்து வந்தவர். வீட்டில் பெரியவர்கள் முன் உட்கார்ந்து பேசியே பழகாத பெண் அங்கே வாய் திறப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது. அவளுடைய ஒரே பலம் அந்த நோட்டு. எழுத்தில் அவள் யாருக்கும் குறைந்தவளில்லை. அந்த நோட்டை விலக்கி வைத்துவிட்டு நாக்கை மட்டும் சோதிக்கும் ஒரு முறையைச் சமவாய்ப்பு என்று எப்படிச் சொல்வது?

பின் ஏன் கல்லூரிகள் இதை விரும்புகின்றன? விடை எளிது. நாக் மதிப்பீட்டு அறிக்கையில் இணைக்க, இடக்குறியிட்ட புகைப்படமும் வருகைப் பட்டியலும் வேண்டும். ஒரு மதியத்தில் 60 மாணவர், 12 வல்லுநர் என்பது அறிக்கையில் அழகாக இருக்கிறது. ஓர் எழுத்தாளர் தம் வீட்டில் தனியே அமர்ந்து ஒரு மாணவியின் கதையை மூன்று முறை வாசிப்பதை யார் படம் எடுப்பது?

மறுப்பதோடு நிற்பது முறையன்று. அதே செலவில், அதே ஆட்களோடு செய்யக்கூடியது இது. மாணவரின் ஆக்கத்தை இரு வாரம் முன்னதாகவே வாங்கி, பொருத்தமான ஒரே ஒரு படைப்பாளிக்கு அனுப்புங்கள். அவருக்குப் பொன்னாடை வேண்டாம். அந்தப் பணத்தை வாசிப்புக்கான மதிப்பூதியமாகக் கொடுங்கள். முதல் சந்திப்பில் பிரதி மேசைமீது இருக்கட்டும். இரண்டு மாதம் கழித்து, திருத்திய பிரதியோடு இரண்டாம் சந்திப்பைக் கட்டாயமாக்குங்கள். நடுவில் அதே மேசையைச் சேர்ந்த ஐந்து மாணவரும் நூலகத்தில் கூடி ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கட்டும். நன்னூல் சொன்ன இன்னொரு கால் பங்கு அங்கே கிடைக்கும். பேசத் தெரியாதவரும் இதில் பின்தங்கமாட்டார். அவருக்காக அவர் எழுத்து பேசும்.

இதை வாசிப்போரில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் பலர் என்பதை அறிவேன். உங்களுக்கும் இத்தகைய அழைப்பு வரும். மறுக்கவேண்டாம். ஒரு நிபந்தனை மட்டும் வையுங்கள்: மாணவர் எழுதியதை, வரைந்ததை முன்கூட்டியே எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். அழைப்பவர்கள் திகைப்பார்கள். சிலர் வேறு ஆளைத் தேடிப் போவார்கள். ஒரு கல்லூரியாவது அனுப்பினால், அந்தக் கட்டில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் கதை இருக்கக்கூடும்.