அறுந்தால் நிற்க வேண்டும்

அண்ணன் மகன் டிப்ளமோ முடித்துவிட்டுத் தாம்பரத்தில் மெஷின்களை ஓட்டும் கன்ட்ரோலரான பி.எல்.சி. பற்றிய வகுப்புக்குப் போகிறான். போன ஞாயிறு என்னை மடக்கினான். "மெஷினை நிறுத்துற எமர்ஜென்சி பட்டனை அமுக்கினா கரண்ட் என்ன ஆகும், சொல்லுங்க சித்தப்பா?"

"பாயும்" என்றேன். காலிங் பெல் அப்படித்தானே?

"தப்பு. எப்பவும் பாஞ்சுக்கிட்டே இருக்கும். அமுக்கினாத்தான் கட்டாகும்."

மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான்போல் நிற்குமே, அந்தப் பட்டன். காலிங் பெல் மாதிரி வைத்திருந்தால், ஒயரை எலி கடித்துப்போட்டாலும் யாருக்கும் தெரியாது. கை மாட்டிக்கொண்ட நாளில்தான் பட்டன் செத்துக் கிடப்பது தெரியும். இப்போதோ எலி கடித்ததுமே மெஷின் நின்றுவிடும். சூப்பர்வைசர் கத்துவார், அவ்வளவுதான். பட்டனைத் திருகி விடுவித்தாலும் மெஷின் தானாக ஓடக் கூடாது. ஸ்டார்ட்டைத் தனியாக அமுக்க வேண்டுமாம்.

இருபது வருடமாகக் கடற்கரை ரயிலில் போய்வரும் எனக்கு ட்ராக் சர்க்யூட் ஞாபகம் வந்தது. தண்டவாளத்தில் மெல்லிய மின்சாரம் ஓடும். சக்கரம் ஏறினால் அது சிக்னலை மாற்றும் ரிலேவுக்குப் போய்ச் சேராது, சிவப்பு விழும். தண்டவாளமே உடைந்தாலும் அதே சிவப்புதான். 1872-ல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் காப்புரிமை வாங்கிய யோசனை. பல்லாவரத்துக்கு முன்னால் வண்டி நின்றபோதெல்லாம் 'சிக்னல் கோளாறு' என்று திட்டியிருக்கிறேன். இனி கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும்.

பிரஸ் மெஷின் முன்னால் வைக்கும் லைட் கர்ட்டனுக்கும் பையன் ஒரு கணக்கு சொன்னான். ஒளித்திரையைக் கை மறித்தால் பிரஸ் நிற்க வேண்டும். ஆனால் உடனே நிற்காதே! கை நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நீளும் என்று வைத்துக்கொள்கிறார்கள். பிரஸ் நிற்கக் கால் நொடி பிடித்தால், அதற்குள் கை அரை மீட்டர் போயிருக்கும். திரையைக் குறைந்தது அவ்வளவு தள்ளி வைக்க வேண்டும்.

இவ்வளவையும் ஒரு சாண் ஒயர் தோற்கடித்துவிடும். கதவைத் திறந்தால் மெஷினை நிறுத்தும் இன்டர்லாக்கை அந்த ஒயரால் ஜம்பர் போட்டு பைபாஸ் செய்தால் கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும். புரொடக்‌ஷன் நிற்காது.

ஓடும் பாகங்களுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. 2010-ல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம்பெண் தொழிலாளி இறந்தார். அந்த ஆலை 2014-ல் மூடப்பட்டுவிட்டது. பெருங்களத்தூரில் விடிகாலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகங்களில் அவர் வயதுப் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால்: உங்கள் மெஷின் கதவைத் திறந்தும் ஓடுகிறதா? கை வைக்காதீர்கள். ஷிப்ட் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிவையுங்கள்.