கட்சிக்காரர் யார், ஸ்டார்மரே?

2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கியர் ஸ்டார்மர் பிரித்தானியப் பிரதமராகப் பதவியேற்றபோது, மனித உரிமை வழக்கறிஞர் ஒருவர் நாடாள வந்துவிட்டார் என்று மகிழ்ந்தோர் பலர். சட்டம் பயின்ற நம்மவர் சிலர் சற்று மிகையாகவே மகிழ்ந்தனர். காரணம் இல்லாமலில்லை. கருவி செய்யும் தொழிலாளிக்கும் தாதிக்கும் மகனாய்ப் பிறந்து, லீட்சிலும் ஒக்ஸ்போர்டிலும் சட்டம் கற்று, 1987இல் வழக்கறிஞரானவர் அவர். மக்டொனால்ட்ஸ் என்னும் மாபெரும் நிறுவனம் ஏழைகள் இருவர்மீது மானநட்ட வழக்குத் தொடுத்தபோது, ஊதியம் பெறாது ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குத் துணைநின்றார். சட்ட உதவியின்றி அவ்விருவரும் வழக்காட நேர்ந்தது நீதியன்று என ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. ஈராக்கின் மீதான போர் சட்டவிரோதம் என்று 2003இலேயே எழுதியவரும் இவர்தாம்.

2008 முதல் 2013 வரை அரச வழக்குத்தொடுநர் தலைமைப் பதவி. 2014இல் 'சேர்' பட்டம். 2015இல் பாராளுமன்ற ஆசனம். ஏணிப்படிகள் ஒழுங்காகவே இருக்கின்றன. 2020இல் தொழிற்கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது பத்து வாக்குறுதிகள் அளித்தார். பல்கலைக்கழகக் கட்டணம் ஒழியும் என்றார். புகையிரதம், தபால், மின்சக்தி, தண்ணீர் ஆகியன பொது உடைமையாகும் என்றார். தலைமை கைக்கு வந்தது. புகையிரதம் தவிர ஏனையவை ஒவ்வொன்றாகக் கைநழுவின. 2023இல் கட்டண ஒழிப்பும் போயிற்று. நாட்டின் பொருளாதார நிலை மாறிவிட்டதாம்! அதை நம்பி வாக்களித்த உறுப்பினன் எந்த நீதிமன்றத்தில் முறையிடுவான்?

வழக்கறிஞருக்குக் கட்சிக்காரர் மாறலாம். இன்று வாதிக்காகவும் நாளை வேறொரு வழக்கிற் பிரதிவாதிக்காகவும் பேசுவது எம் தொழிலின் தர்மம். அதில் இழுக்கில்லை; நாம் பேசுவது அவர்தம் வழக்கையன்றி எம் கொள்கையை அன்று. அரசியல்வாதிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஸ்டார்மரோ ஒவ்வோர் ஆண்டும் புதியதொரு வழக்குக் கட்டை எடுத்து விரித்தார்.

ஈராக்கைத் தாக்கவிருந்த குண்டுவீச்சு விமானங்களைப் பழுதாக்க 2003இல் ஃபெயர்ஃபோர்ட் விமானத் தளத்துள் நுழைந்தோரில் ஒருவருக்காக மேன்முறையீட்டில் வாதாடியவர் அவர். 2025 ஜூனில் பலஸ்தீன ஆதரவாளர்கள் பிரைஸ் நோர்ட்டன் தளத்துள் நுழைந்து விமானங்கள்மீது வர்ணம் வீசினர். ஜூலையில் அவருடைய அரசாங்கம் அவர்களது இயக்கத்தையே பயங்கரவாதச் சட்டத்தின்கீழ்த் தடைசெய்தது. அத்துமீறலுக்கும் சேதத்துக்கும் வழமையான குற்றவியற் சட்டம் போதாதா? பயங்கரவாதச் சட்டம் எதுவரை நீளும் என்பதை 1979 முதல் அறிந்த எமக்கு எவரும் பாடம் சொல்லவேண்டியதில்லை.

2024 தேர்தலில் 650 ஆசனங்களுள் 411ஐ வென்ற தொழிற்கட்சி பெற்ற வாக்குகள் நூற்றுக்கு 33.7 மட்டுமே. பணிவோடு தொடங்கவேண்டிய வெற்றி அது. ஆனால், மூன்றாம் பிள்ளைக்கு உதவிப்பணம் மறுக்கும் விதியை நீக்குமாறு வாக்களித்த சொந்தக் கட்சியினர் எழுவர் அதே ஜூலையில் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்து இடைநிறுத்தப்பட்டனர். 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த விதி நீக்கப்படும் என்று அவருடைய அரசாங்கமே அறிவித்தது. அவ்வாறாயின் எழுவர் செய்த குற்றந்தான் யாது? முந்திச் சொன்னதா?

நம்மவர் மகிழ்ச்சியைப் பற்றி மேலே சொன்னேன். அவர்கள் தியேகோ கார்சியாவை மறந்துவிட்டனர். 2021 ஒக்டோபரில் படகேறிச் சென்ற ஈழத்தமிழர்கள் பிரித்தானியாவின் ஆட்சியிலுள்ள அத்தீவிற் கரைசேர்ந்து, குழந்தைகளுடன் ஆண்டுக்கணக்கில் வேலியிட்ட முகாமில் அடைபட்டிருந்தனர். அதைத் தொடங்கியது முன்னைய பழைமைவாத அரசாங்கமே, ஒப்புக்கொள்வோம். ஆயின் ஸ்டார்மர் பதவியேற்றபின், 2024 செப்டெம்பரில் நடந்த விசாரணையிலும் தீவின் ஆணையாளர் தரப்பு அந்த அடைப்பு சட்டவிரோதம் அன்று என்றே வாதாடிற்று. டிசெம்பரில் அந்நிலப்பகுதியின் உயர் நீதிமன்றம், அவர்கள் சட்டவிரோதமாகவே தடுத்து வைக்கப்பட்டிருந்தனர் எனத் தீர்த்தது. அவர்களுட் பெரும்பாலோர் இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்டது தீர்ப்புக்கு இரு வாரங்கள் முன்னர்தான்.