திசாவைப் பட்டம்: பரம்பரைச் சொத்தா, பதவியா?

திசாவை என்ற பட்டம் கண்டிச் சிங்களப் பிரபுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த பரம்பரைச் சொத்து என்றும், தமிழ் எழுத்துக்கும் அதற்கும் ஒட்டுறவே இல்லை என்றும், 1815இல் கண்டி வீழ்ந்ததோடு அது மறைந்தது என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இரக்குவானை, பலாங்கொடை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களில் வாழும் தமிழரிடமும் இந்த எண்ணம் ஊறிப்போயிருப்பதால், தாம் பிறந்து வளர்ந்த சப்ரகமுவ மண்ணின் ஆட்சி வரலாற்றையே அவர்கள் அயலார் கதையாகக் கேட்க நேர்கிறது. எழுத்துச் சான்றுகள் இம்மூன்று கூற்றுகளுக்கும் இடம் தரவில்லை.

முதலாவதாக, திசாவை என்பவர் ஒரு மாகாணத்தின் வரி, நீதி, படை ஆகியவற்றை அரசன் சார்பில் நடத்திய அதிகாரியே ஆவார். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த ஆங்கிலேயரான ரொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தம் நூலில், இத்தகையோர் அரசனின் கண்பார்வையில் அரண்மனையை ஒட்டியே தங்க வேண்டியிருந்ததையும், தத்தம் மாகாணங்களைக் கீழதிகாரிகள் வழியாகவே நிருவகித்ததையும் பதிவுசெய்கிறார். உயர்குடிப் பிறப்பு தகுதியைத் தந்தது உண்மை. பதவியைத் தந்ததும் பறித்ததும் அரசனே. சப்ரகமுவத் திசாவையாயிருந்த எஹலபொல 1814இல் கிளர்ந்தெழுந்து பிரிட்டிஷாரிடம் தஞ்சமடைந்தபோது, அவருடைய மனைவி மக்கள் கண்டியில் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு மார்ச் 2ஆம் திகதியிட்ட கண்டி ஒப்பந்தத்திலோ, சப்ரகமுவத் திசாவையாகப் பெயர் காணப்படுபவர் பிலிமத்தலாவை. 1811இல் மரண தண்டனைக்குள்ளான மகா அதிகாரத்தின், அதாவது முதலமைச்சரின், மகன் அவர். மறு ஆண்டிலேயே வேறொருவர் கைக்கு மாறிய ஒன்றைப் பரம்பரைச் சொத்து என்பது பொருந்தாது.

சிங்களவருக்கே உரியது, தமிழ் எழுத்துக்குத் தொடர்பற்றது என்ற இரண்டாம் கூற்று இன்னும் வலுவற்றது. கோட்டை இராச்சியத்தைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர் மாத்தறை, சப்ரகமுவ, நாலு கோறளை, ஏழு கோறளை என்ற நான்கு திசாவைப் பிரிவுகளையும் அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றுக்குத் தம்மவரை நியமித்தனர். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் ஒரு திசாவை இருந்தார். அங்குள்ள தமிழரின் சொத்து, சீதனம், ஈடு, அடைமானம் பற்றிய வழக்காறுகளைத் திரட்டி, 1707இல் தேசவழமை என்ற தொகுப்பாக நிறைவுசெய்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்தர் வகித்தது அந்தப் பதவியைத்தான். தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பைப் பன்னிரண்டு முதலியார்கள் படித்துப் பார்த்து ஒப்பினர். 1806இல் பிரிட்டிஷார் அதற்குச் சட்ட வலுவும் அளித்தனர். யாழ்ப்பாணத் தமிழர் இன்றும் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டும் சட்டமே ஒரு திசாவையின் கைப்பட உருவானதாயிருக்க, தமிழ் எழுத்துக்கும் அப்பட்டத்துக்கும் தொடர்பில்லை என்று எவ்வாறு கூற முடியும்?

மூன்றாவது கூற்றைப் பொறுத்தவரை, பிரிட்டிஷாருக்கு எதிராகக் கண்டியில் எழுந்த 1818 கிளர்ச்சிக்குப் பின் வந்த பிரகடனம் பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்ததே அன்றிப் பட்டத்தை ஒழிக்கவில்லை. பிரிட்டிஷ் ஆட்சியில் அது மரியாதைப் பட்டமாக நீடித்தது. இரத்தினபுரி மாவட்டத்துக் கொலொன்ன கோறளையில் ரட்டேமாத்தயாவாக, அதாவது பிரிவின் தலைமை அதிகாரியாக, இருந்த மடுவன்வெல (1844–1930) திசாவை என்றே அழைக்கப்பட்டார். வளவ்வ எனப்படும் அவருடைய பெருமாளிகை இன்றும் நிற்கிறது. தொழிலாளர் குழுத் தலைவர்களான கங்காணிமார் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டிவந்து அம்மாவட்டத்துத் தோட்டங்களை நிரப்பியதும் அவருடைய வாழ்நாளுக்குள் அடங்கிய காலத்திலேயே.