நாடி அடைப்பு பிறந்த வருடம்

மாரடைப்பு என்றதும் பீடியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் காட்டி நோயாளியையே குற்றவாளியாக்கப் பழகிவிட்டோம். கண்டியைச் சூழ்ந்த கலஹா, புசல்லாவ தோட்டங்களைப் பொறுத்தவரை அந்தத் தீர்ப்பு அரைகுறையானது: கருவில் பட்ட பசியையும் அது கணக்கில் எடுக்க வேண்டும். நெதர்லாந்தில் 1944-45 பஞ்சத்தின்போது கருவானவர்களின் இரத்தத்தில், ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஐஜிஎஃப்2 மரபணு மீதான மீதைல் குறிகள் குறைந்திருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதை எவ்வளவு வாசிப்பது என்ற குறிப்புத்தான் மாறியது. அப்பஞ்சத்தைக் கருவின் தொடக்க மாதங்களில் கண்டவர்களிடம் இதய நாடி நோயும் கூடுதலாகவே இருந்தது. நம் தோட்டங்கள் பட்டினிச் சாவுகளைக் கண்ட 1974இல் கருவானவர்கள் இப்போது ஐம்பதைத் தொட்டுவிட்டார்கள்.

இரத்தத்தில் தெரியும் குறி நாடிச் சுவரிலும் இருக்குமா, அது நோயின் காரணமா விளைவா என்று மருத்துவர்கள் கேட்பது நியாயமே. ஆனால் தாயின் சாப்பாடு அந்த விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ‘பிறவியிலேயே எழுதியாயிற்று, இனி என்ன’ என்பதும் பொருந்தாது: புகைப்பவரின் ஏஎச்ஆர்ஆர் மரபணுவில் குறையும் மீதைல், புகையை விட்டபின் மெல்ல மீள்கிறது. (தலையெழுத்துக்கும் அழிறப்பர் உண்டு போலும்.) கண்டி தேசிய வைத்தியசாலையில் இதயச் சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கும் அரசு, கொழுந்து பறிக்கும் கர்ப்பிணியின் முட்டையையும் பருப்பையும் அதே கணக்கில் எழுதட்டும், சம்பளப் பேச்சுவார்த்தை மேசையிலும் அந்தக் கணக்கு வைக்கப்படட்டும்.