பெயர் பெறும் சிற்றுயிர்

உலகில் பெருமை என்பது பெரும்பாலும் உருவத்தைக் கொண்டே அளக்கப்படுகின்றது. இமயம் என்றவுடன் வெண்பனி மூடிய கொடுமுடியும், பனிச்சிறுத்தையும், கவரிமாவும் நினைவிற்கு வருகின்றன. அம்மலையின் ஓடையிலே, ஒரு கல்லின் அடியிலே, நூல் இழை போன்ற புழுவொன்று வாழ்கின்றது என்பதை எண்ணுவார் மிகச் சிலரே. அப்புழுவைத் தேடி எடுத்து, ஆராய்ந்து, அதற்கு ஒரு பெயரும் இலக்கணமும் வகுப்பவர் உளர். அவ்வுழைப்பு வீண் உழைப்பு என்று கருதுவோரும் உளர். இவ்விரு சாராருள் எவர் பக்கம் உண்மை உள்ளது என்பது ஆராயத் தக்கது.

மாலை வேளையில் நீர்நிலைகளின் கரையில் புகை போலத் திரண்டு ஆடும் பூச்சிக் கூட்டத்தைக் கண்டவர், கொசுவென்று எண்ணி அஞ்சி விலகுவர். தோற்றத்தில் அப்பூச்சி கொசுவை ஒத்ததே. ஆயினும், குருதியை உறிஞ்சுதற்குரிய நீண்ட ஊசி வாய் அதற்கு இல்லை. கொசுவின் சிறகிலுள்ள செதில்களும் அதன் சிறகில் இல்லை. கடித்தல் அறியாத இவ்வுயிரைக் கடியாக் கொசு என்று கூறுதல் பொருந்தும். அறிவியலறிஞர் இக்குடும்பத்தைக் கைரோனோமிடே என வழங்குவர். ஜெர்மானிய அறிஞராகிய யோஹான் வில்ஹெல்ம் மைகன் என்பார் 1803ஆம் ஆண்டில் இக்குடும்பத்துப் பேரினம் ஒன்றிற்குக் கைரோனோமஸ் என்று பெயரிட்டார். கையசைவினாலே பொருளைப் புலப்படுத்தும் கூத்தனைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அப்பெயருக்கு அடிப்படை. இப்பூச்சி அமர்ந்திருக்கும்பொழுது முன்னங்கால் இரண்டையும் முன்னே தூக்கி வைத்திருத்தலைக் கண்டவர், அப்பெயரின் பொருத்தத்தை வியவாதிரார்.

முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுடைய பூச்சி என நான்கு நிலைகள் இதன் வாழ்வில் உள்ளன. சிறகு பெற்றபின் பெரும்பாலும் சில நாள்களே வாழும். வாழ்வின் பெரும்பகுதி புழுவாகவே நீரில் கழியும். சேற்றில் வாழும் சில இனங்களின் புழுக்கள் குருதிச் செந்நிறம் உடையன. மீன் வளர்ப்போர் அவற்றை இரத்தப்புழு என்று கூறி மீனுக்கு உணவாக இடுவர். இக்குடும்பத்தில் இதுவரை 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் பெயர் பெற்றுள்ளன. பெயர் பெறாதவை இன்னும் பல்லாயிரம் இருக்கும் என்பது அறிஞர் கருத்து.

இக்குடும்பத்தில் டயமீசா என்னும் பேரினம் குளிர்நீரையே விரும்புவது. பனியாற்றின் வாயருகே பெருகும் ஓடையில், கோடையிலும் நீரின் வெப்பம் 2 பாகையை எட்டாத இடங்கள் உண்டு. அங்கே உணவு அரிது. நீரின் வேகமோ பெரிது. பிற பூச்சிகள் வாழ அஞ்சும் அவ்விடத்தில், உடலின் பின்முனையிலுள்ள கொக்கிகளால் கல்லைப் பற்றிக்கொண்டு டயமீசாவின் புழு வாழ்கின்றது.

ஓடையில் மட்டுமன்றிப் பனிக்கட்டியின் மேலேயே வாழும் இனமும் இப்பேரினத்தில் உண்டு. நேபாள நாட்டில் லாங்டாங் என்னும் மலைப்பகுதியில், 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் யாலா என்னும் பனியாறு உள்ளது. அங்கே ஆராய்ந்த ஜப்பானிய அறிஞர் ஷிரோ கோஷிமா, பனியின் மீது நடந்து திரியும் சிறு பூச்சி ஒன்றைக் கண்டார். அதன் சிறகும் உணர்கொம்பும் குறுகியிருந்தன. அதனால் பறக்க இயலவில்லை. அதன் புழுக்கள் பனிக்கட்டியின் அடியில் உருகியோடும் நீர்க்கால்களில், நீலப்பச்சைப் பாசியையும் நுண்ணுயிர்களையும் உண்டு வளர்ந்தன. நீர் உறையும் நிலைக்குக் கீழே 16 பாகைக் குளிரிலும் அப்பூச்சி இயங்கக் கண்ட அவர், 1984ஆம் ஆண்டில் அச்செய்தியை உலகிற்கு அறிவித்தார். ஆயினும், அப்பொழுது அதற்குத் தனிப்பெயர் இல்லை. டயமீசாவில் ஓர் இனம் என்ற அளவிலேயே அது குறிக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டில் சேத்தர், வில்லாசன் என்னும் இரு பூச்சியியல் அறிஞர்கள் நேபாளப் பனியாறுகளின் டயமீசாக்களை ஆராய்ந்து, நான்கு புதிய இனங்களுக்கு இலக்கணம் வகுத்தனர். டயமீசா கோஷிமாய் என்னும் பெயர் அவ்வாறு பிறந்தது. கண்டவர் தம் பெயரைத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை. ஆராய்ந்தவர் பிறர் பெயரைச் சூட்டினர். அறிவுலகின் நன்றி மறவாப் பண்பிற்கு இஃது எடுத்துக்காட்டாகும்.

கண்டவுடன் பெயரிட்டுவிடுதல் ஆகாதோ என்று சிலர் வினவலாம். ஆகாது. பெயரிடுதல் எளிது, இது புதியது என்று நிறுவுதலே அரிது. சிறகுற்ற பூச்சியைக் காரக் கரைசலில் இட்டுத் தசையை அகற்றுவர். சிறகு, கால், தலை, வயிறு எனத் தனித்தனியே பிரித்துக் கண்ணாடித் தகட்டில் மரப்பிசின் கொண்டு பதிப்பர். பின்னர், உணர்கொம்பின் கணுக்களையும், சிறகின் நரம்புகளையும், காற்பகுதிகளின் நீள விகிதத்தையும் நுண்ணோக்கியால் அளப்பர். ஆண்பூச்சியின் வயிற்றுக் கடைமுனையில் உள்ள உறுப்பின் அமைப்பே இனத்திற்கு இனம் பெரிதும் வேறுபடுவது. ஆதலின், அதனை நுணுகி வரைந்து காட்டுவர். புழுவும் கூட்டுப்புழுவும் எப்பூச்சிக்கு உரியன என்று அறிய, புழுவை வளர்த்துப் பூச்சியாக்கிப் பார்ப்பர். இவ்வாறு கண்டவற்றை முன்னோர் எழுதிய ஒவ்வொரு விளக்கத்தோடும் ஒப்பிட்ட பின்னரே புதியது என்று துணிவர். இறுதியாக, ஒரு பூச்சியை மூலச் சான்றாகக் குறித்து அருங்காட்சியகத்தில் வைப்பர். பின்னாளில் ஐயம் எழின், அச்சான்றே முடிவு கூறும்.

உயிர்களை வகுத்து அறியும் வேட்கை இன்று தோன்றியதன்று. ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக உயிர்களை வகுத்த செய்தி தொல்காப்பியத்து மரபியலில் உள்ளது. விலங்குகளுக்கு இருசொற் பெயரிடும் இன்றைய உலகமுறை, சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட நூற்பதிப்பைத் தொடக்கமாகக் கொண்டது. ஓர் உயிருக்கு இருவர் இரு பெயர் இட்டால், பொதுவாக முற்பட்ட பெயரே நிற்கும். ஆகவே, ஆராயாது அவசரத்தில் இடும் பெயர் பின்வருவோர்க்குச் சுமையாக முடியும்.

“பசியும் பிணியும் நிறைந்த உலகில், கடிக்கவும் செய்யாத பூச்சிக்கு இத்துணைப் பாடு எதற்கு?” என்பது எதிர்ப்போர் வாதம். அவ்வாதத்தைப் புறக்கணித்தல் முறையன்று. அதற்கு விடை கூறல் வேண்டும். கடியாக் கொசுக்களுள் ஓரினம் தெளிந்த நீரில் வாழும்; மற்றோரினம் உயிர்வளி குன்றிய சேற்றிலும் வாழும். ஆதலின், எவ்வினம் உள்ளது என்று அறிந்தால் நீரின் நிலை விளங்கும். ஜெர்மானிய அறிஞர் தீனமன் ஏரிகளை வகைப்படுத்த இப்புழுக்களையே துணையாகக் கொண்டார். புழுவின் தலையோடு ஏரிப்படிவில் பல்லாயிரம் ஆண்டுகள் அழியாது கிடக்கும். அதனை இனம் கண்டு, பண்டைக்கால வெப்பநிலையை உய்த்துணர்வர். இனங்களுக்குப் பெயரும் இலக்கணமும் இல்லையெனில் இவற்றுள் ஒன்றும் இயலாது.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சுவீடன் நாட்டு லார்ஸ் புருண்டின், தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நிலங்களின் குளிர்ந்த மலை ஓடைகளில் வாழும் கடியாக் கொசுக்களை ஒப்பிட்டு ஆராய்ந்தார். கடலால் பிரிக்கப்பட்ட அந்நிலங்களின் பூச்சிகள் தம்முள் நெருங்கிய உறவுடையன என்றும், அந்நிலங்கள் முற்காலத்தில் அண்டார்க்டிகாவின் வழியே இணைந்திருந்தமையே அதற்குக் காரணம் என்றும் 1966இல் அவர் எடுத்துக்காட்டினார். கண்டங்களின் வரலாற்றுக்குச் சான்று கூறியது ஒரு சிறு பூச்சி! பயன் என்பது தேடுமுன்னரே கண்ணுக்குத் தோன்றுவதன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

மரபணுவைப் படித்து இனத்தைப் பிரித்தறியும் முறை இந்நாளில் வளர்ந்துள்ளது. இனி வரைதலும் அளத்தலும் எதற்கு என்பாரும் உளர். மரபணு முறை சிறந்த துணையே. உருவத்தால் ஒத்த இரு இனங்களை அது பிரித்துக் காட்டும். புழுவையும் பூச்சியையும் விரைவில் இணைத்துக் காட்டும். ஆயினும், எழுத்துக்களின் வரிசை மட்டும் ஓர் உயிரின் வடிவையும் வாழ்வையும் கூறாது. கோஷிமா கண்ட குறுஞ்சிறகினை அவ்வரிசையில் எவர் காண்பார்? இரண்டும் சேர்ந்தே முழுமை தரும்.

இப்பணியைக் காலம் தாழ்த்தாது செய்ய வேண்டிய காரணம் ஒன்று உண்டு. குளிர்நீரில் வாழும் உயிர், நிலம் வெப்பமுறும்பொழுது மேல்நோக்கியே செல்ல வேண்டும். மலைக்கோ ஓர் உச்சி உண்டு, அதற்கு மேல் செல்ல இடமில்லை. இமயப் பகுதியின் பனியாறுகள், 2011 முதல் 2020 வரை, அதற்கு முந்திய பத்தாண்டைக் காட்டிலும் 65 விழுக்காடு விரைவாகக் கரைந்தன என்று 2023இல் வெளிவந்த ஆய்வறிக்கை கூறுகின்றது. கோஷிமா ஆராய்ந்த யாலாப் பனியாறே, 1970க்குப் பிந்திய ஆண்டுகளில் முதன்முதல் அளக்கப்பட்ட காலத்தினின்று 66 விழுக்காடு சுருங்கிவிட்டது. 784 மீட்டர் பின்வாங்கிவிட்டது. 2025ஆம் ஆண்டு மே மாதம், அறிஞரும் மலைவாழ் மக்களும் பௌத்தத் துறவியரும் அங்கே கூடி, இறந்தார்க்குச் செய்வதுபோல் அப்பனியாற்றிற்கு நினைவுச் சடங்கு நிகழ்த்தினர்.

பனியாறு மறைவதைக் கண்ணால் காணலாம். அதற்காக வருந்தவும் மக்கள் உளர். அதனோடு மறையும் சிற்றுயிருக்கு வருந்துவார் யார்? பெயர் பெற்ற உயிர் குறைந்தால், குறைந்தது என்றேனும் ஏட்டில் எழுதலாம். அதனைக் காக்க வழி தேடலாம். பெயரில்லாத உயிரோ இருந்ததும் தெரியாது, இறந்ததும் தெரியாது. இன்று மலையோடைகளில் வாழும் எத்தனையோ உயிர்களின் நிலை இதுவே.

எனவே, சிற்றுயிர்க்குப் பெயரிடுவோரின் உழைப்பை வீண் என்றல் பொருந்தாது. மூலச் சான்றுகளைக் காக்கும் அருங்காட்சியகங்களுக்கு அரசும் செல்வரும் பொருளுதவி செய்தல் வேண்டும். நுண்ணோக்கியின் முன் பொறுமையோடு அமரும் இளைஞர்க்குப் பணியும் மதிப்பும் கிடைத்தல் வேண்டும். மாணவரும் கண்ணெதிரே பறக்கும் பூச்சியை அடித்து வீழ்த்துமுன், அது யாது என்று கேட்கப் பழகுதல் நன்று. உருவத்தால் சிறிது என்பது பற்றி ஓர் உயிரை அறியாது விடுதல் அறிவுடைமை ஆகாது.