சொன்னால் படிப்பு நிண்டிடும் எண்ட பயம்

2015 மே மாதம் புங்குடுதீவில பாடசாலைக்குப் போன மாணவி ஒருவர் கூட்டு வல்லுறவுக்குப் பிறகு கொல்லப்பட்டபோது வடக்கு முழுக்க வீதிக்கு இறங்கியது. 2017 செப்டெம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட விசேட நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அதுக்குப் பிறகு எங்கட காரைநகர் உட்பட தீவுப்பகுதி வீடுகளில பெண்பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட புத்திமதி இதுதான்: தனியப் போகாதை, இருட்ட முதல் வீட்டுக்கு வந்திடு.

அந்தப் புத்திமதி வீதியைப் பற்றினது. பல்கலைக்கழக வாசலுக்குள்ள அது பெரிசா உதவாது. அங்க நெருங்கி வாறவர் முகம் தெரியாத ஆள் இல்லை. "அண்ணா" எண்டு கூப்பிடவேணும் எண்டு முதல் நாளே பழக்கிவிடப்பட்ட சீனியர்.

இதை நாங்கள் மிகைப்படுத்தேல்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் யுனிசெப்பும் சேர்ந்து அரச பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வில், 16.6 வீதமான மாணவர்கள் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கினம். ஆறு பேருக்கு ஒராள். ஒரு வகுப்பறையில இருக்கிற வாங்குகளை எண்ணிப் பார்த்தால் இந்தக் கணக்கு விளங்கும்.

இதுக்கு நாங்கள் வைச்சிருக்கிற பெயர் "பகிடிவதை". அந்தச் சொல்லே ஒரு மறைப்பு. இரவில புதுமுக மாணவியின் தொலைபேசிக்கு எடுத்து ஆபாசமாக் கதைக்கிறது பகிடி இல்லை. விடுதி அறையில பெடியன்களின் உடுப்பைக் கழட்டச் சொல்லுறதும் பகிடி இல்லை. இரண்டும் பாலியல் வன்முறைதான். பெடியன்களுக்கு நடக்கிறதை அப்பிடிச் சொல்ல எங்கட சமூகத்துக்கு இன்னும் வாய் வரேல்லை. "ஆம்பிளைப் பிள்ளைதானே, தாங்குவான்" எண்டு விட்டுடுவினம்.

1975இல் பேராதனையில் ஒரு மாணவி பகிடிவதைக்குப் பயந்து விடுதி மாடியிலயிருந்து குதிச்சு, நடக்க முடியாமல் போனார். 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட மாணவன் வரப்பிரகாஷ், சித்திரவதையால சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த வருசமே, 1998இன் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டம் வந்தது. பகிடிவதையின்போது பாலியல் துன்புறுத்தல் செய்தால் 10 வருசம் வரை கடூழியச் சிறை எண்டு அதில எழுதியிருக்கு.

சட்டம் இருக்கு. பிறகும் ஏன் வாய் திறக்கினமில்லை? சீனியர்களின் ஒற்றுமை ஒரு காரணம். முறைப்பாடு செய்தவரை முழு பட்ச்சும் ஒதுக்கும். நோட்ஸ் கிடைக்காது, ஆரும் கதைக்காயினம். ஊரை விட்டு வந்து வாடகை அறையில இருக்கிறது இன்னொண்டு.

ஆனால் எங்கட பக்கத்துப் பிள்ளைகளுக்கு எல்லாத்திலயும் பெரிய காரணம் வீடுதான். "வீட்டில தெரிஞ்சால் படிப்பை நிப்பாட்டிப்போடுவினம்" எண்ட பயம். பொன்னாலைப் பாலம் தாண்டிப் படிக்கப் போறதுக்கே எத்தனையோ பேர் சண்டை பிடிச்சுத்தான் வந்திருக்கினம். அந்த வாய்ப்பு ஒரு முறைப்பாட்டோட போயிடும் எண்டால், ஆர் முறையிடுவினம்? துன்புறுத்துறவருக்கும் இது வடிவாத் தெரியும். அவர் பிடிச்சு வைச்சிருக்கிற துருப்புச்சீட்டே அதுதான். பெண்பிள்ளையைக் காப்பாற்றுறம் எண்டு போட்ட கட்டுப்பாடு, கடைசியில அவருக்குத்தான் காவலா நிக்குது.

அதால நாங்கள் பெற்றோரிட்டக் கேட்கிறது ஒரு வசனம். கம்பசுக்கு அனுப்ப முதல், புத்திமதியோட சேர்த்து இதையும் சொல்லுங்கோ: "என்ன நடந்தாலும் எங்களிட்டச் சொல்லு பிள்ளை. அதால உன்ர படிப்பு நிக்காது." மகளுக்கு மட்டுமில்லை, மகனுக்கும் சொல்லுங்கோ. மகனுக்கு இன்னொண்டும் சொல்லவேணும்: நீ சீனியர் ஆகிற வருசம் ஆரையும் இப்பிடி நடத்தக்கூடாது.

ஊர்ச் சங்கங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாராட்டுறது நல்ல வழக்கம். அந்த மேடையிலயே பெற்றோரையும் வைச்சு இந்தச் சட்டத்தையும், ஆணைக்குழுவுக்கு எப்பிடி முறையிடுறது எண்டதையும் பத்து நிமிசம் சொல்லலாம். மாலைக்கும் பொன்னாடைக்கும் செலவழிக்கிற நேரத்தில அது பெரிசில்லை.

நீதிமன்றம் எல்லாம் பிறகு. முதல் முறைப்பாடு வீட்டுக் குசினியிலதான் சொல்லப்படவேணும். அங்க அதைக் கேட்க ஆள் இருக்கவேணும்.