ரிமோட் யார் கையில்?

"நீங்க பி.காம்.தானே? அவனுக்குக் கொஞ்சம் கணக்குப் போட்டுக் காட்டுங்க" என்று மனைவி போனை என் கையில் திணித்தாள்.

மறுமுனையில் மச்சினன். வயசு 26. திருவல்லிக்கேணி மேன்ஷனில் மூன்று பேருக்கு ஒரு ரூம். 2024 மே மாசம் ஆபீஸில் முதல் முறையாக உருப்படியாக ஒரு போனஸ் கொடுத்திருக்கிறார்கள். அதில், கையில் பிடித்தபடியே கேம் ஆடும் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறானாம். ஏஸஸ் கம்பெனியின் 'ஆர்.ஓ.ஜி. அலை'. (கடல் அலை மாதிரிதான் உச்சரிக்க வேண்டும்.) 2023 ஜூலையில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 69,990 ரூபாய்.

"எழுபதாயிரத்துக்குப் பொம்மையா? அப்பாவுக்குத் தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவார்!" இது பின்னணியில் மனைவி.

மாமனார் அரசு பஸ் டிரைவராக இருந்து ரிடையர் ஆனவர். 32 வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர். வீட்டிலும் அவர்தான் டிரைவர். ஹாரன் கொஞ்சம் ஜாஸ்தி.

நான் பி.காம்.தான், வாஸ்தவம். ஆனால் காஸ்ட் அக்கவுன்டிங் எனக்கு இரண்டு தடவை அரியர் விழுந்த பேப்பர். அதை மாமனார் வீட்டில் சொல்ல முடியுமா? "ஞாயிற்றுக்கிழமை வா, பேசலாம்" என்று போனை வைத்துவிட்டு, அவசரமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனியில் குன்பே யோகோய் என்று ஒரு என்ஜினீயர் இருந்தார். புல்லட் ரயிலில், ஆபீஸ் போகிற ஒருத்தர் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டி விளையாடுவதைப் பார்த்தாராம். அதில் பிறந்ததுதான் 1980-ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்' என்று சொல்வார்கள். ஆக, அந்தக் கையடக்க கேமுக்குப் பிள்ளையார் சுழி போட்டது நம்மை மாதிரி ஒரு குமாஸ்தா!

அடுத்து 1989-ல் 'கேம் பாய்'. யோகோயின் கொள்கை சுலபமானது. புத்தம் புது டெக்னாலஜி வேண்டாம். பழகிப்போய் விலை இறங்கிய சாமானை வைத்துப் புதுசாக எதையாவது செய். கேம் பாயில் கலர் கிடையாது. 4 பென்சில் செல் போட்டால் நாள் கணக்கில் ஓடும். போட்டிக்கு வந்த சேகாவின் 'கேம் கியர்' கலரில் ஜொலித்தது. ஆனால் 6 செல்லைச் சில மணி நேரத்தில் விழுங்கியது. ஜெயித்தது கறுப்பு வெள்ளைதான். கேம் பாயும் அதன் கலர் தம்பியும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றன.

(1998-ல் எங்கள் ஊர்த் திருவிழாவில் நான் வாங்கிய சாமானின் அட்டையில் '9999 இன் 1' என்று போட்டிருந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டுதான் இருந்தன. பாக்கியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.)

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் போன்ற கன்சோல்கள் கல்யாண மண்டபம் மாதிரி. வாடகை குறைச்சலாக இருக்கிறதே என்று சந்தோஷமாக அட்வான்ஸ் கொடுப்பீர்கள். அப்புறம்தான் மேனேஜர், "சமையல் எங்க ஆள், பூ எங்க ஆள், பாத்திரமும் எங்ககிட்டதான் எடுக்கணும்" என்பார். எக்ஸ்பாக்ஸ் பெட்டியை விற்று லாபமே பார்த்ததில்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவரே 2021-ல் அமெரிக்க கோர்ட்டில் சாட்சி சொன்னார். லாபம் பெட்டியில் இல்லை. அதில் விற்கிற ஒவ்வொரு கேமிலும் எடுக்கும் கமிஷனில் இருக்கிறது. வழக்கமான ரேட் நூற்றுக்கு 30.

மச்சினன் கேட்கிற சாமான் வேறு ஜாதி. அது சொந்த வீட்டு வாசலில் போடும் பந்தல். விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஓடுவது எல்லாம் அதிலும் ஓடும். எந்தக் கடையில் வேண்டுமானாலும் கேம் வாங்கலாம். ஆனால் பந்தல் செலவு முழுசும் நம் தலையில்.

இதில் ஒருத்தர் மட்டும் புத்திசாலி. அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2022 பிப்ரவரியில் 'ஸ்டீம் டெக்' என்று ஒன்றை 399 டாலரிலிருந்து விற்றது. எப்படிக் கட்டுப்படியாகும்? பந்தல்காரரே மளிகைக் கடையும் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் கேம் விற்கும் 'ஸ்டீம்' கடை அவர்களுடையது. அங்கேயும் அதே 30 கமிஷன்தான். ஏஸஸ், லெனோவா, எம்.எஸ்.ஐ. இவர்களுக்குக் கடை இல்லை. லாபத்தைப் பெட்டியிலேயே எடுத்தாக வேண்டும். அதனால்தான் 2023-ல் ஏஸஸ், லெனோவா இரண்டுமே 700 டாலரில் வந்து நின்றன.

விளைவு? 2022-லிருந்து மூன்று வருஷத்தில் இந்த நாலு கம்பெனிகளும் சேர்ந்து விற்றது சுமார் 60 லட்சம் என்று ஐ.டி.சி. என்ற சந்தை ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டது. நின்டெண்டோ, 2025 ஜூன் 5-ம் தேதி ஸ்விட்ச் 2-ஐக் கடையில் வைத்து, நாலே நாளில் 35 லட்சம் விற்றது. 2017-ல் வந்த பழைய ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டியது. பந்தல்காரர்கள் கேம் கியரின் வாரிசுகள். பெரிய கேம் ஓட்டினால் இரண்டு மணி நேரத்தில் சார்ஜரைத் தேட வேண்டும். யோகோயின் பாடம் இன்னும் பாஸ் மார்க் வாங்குகிறது.

அப்போ இது தோற்ற சரக்கா என்று கேட்பீர்கள். அங்கேதான் வேடிக்கை. 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட், ஏஸஸ் தயாரித்த அதே 'அலை'யின் புது மாடலுக்கு எக்ஸ்பாக்ஸ் என்று பெயர் வைத்து 600 டாலர், 1,000 டாலர் என்று இரண்டு விலையில் இறக்கியது. உள்ளே இருப்பது விண்டோஸ். டி.வி. எக்ஸ்பாக்ஸுக்கு வாங்கி வைத்த டிஸ்க்கை அதில் போட வழி கிடையாது. மண்டபக்காரரே வாசலில் பந்தல் போட்ட கதை! சோனியோ 2020-லேயே 'ஹொரைசன் ஜீரோ டான்' மாதிரித் தன் சமையலில் சிலவற்றைக் கம்ப்யூட்டருக்குப் பார்சல் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. போதாக்குறைக்கு, வயசாக ஆக விலை இறங்க வேண்டிய பி.எஸ்.5-க்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 50 டாலர் ஏறியது. கையடக்கக் கம்ப்யூட்டர் கன்சோலை விற்பனையில் ஜெயிக்கவில்லை. மண்டபத்துக்கு வெளியிலும் கல்யாணம் நடக்கும் என்று காட்டியது, அவ்வளவுதான்.

இதில் பாதி பின்னால் நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை என் கையில் இருந்தது ஒரு வெள்ளைப் பேப்பர் மட்டும். நடுவில் கோடு போட்டேன். இந்தப் பக்கம் டிஸ்க் இல்லாத பி.எஸ்.5 ஸ்லிம், இந்திய விலை 44,990. அந்தப் பக்கம் 69,990.

"பார்த்தியா? சுளையா இருபத்தஞ்சாயிரம் வித்தியாசம்!"

"மாமா, பிளேஸ்டேஷன்ல பெரிய புது கேம் ஒண்ணு 4,999. அஞ்சு வாங்கினா எவ்வளவு?"

பெருக்கினேன். 24,995.

"காலேஜ்லேர்ந்து ஸ்டீம் தள்ளுபடியில 200, 300-ன்னு வாங்கின கேம் எங்கிட்ட அறுபது இருக்கு. அது இதுல ஓடும். பிளேஸ்டேஷன்ல ஓடாது. மறுபடி முதல்லேர்ந்து வாங்கணும்."

ஆக, வித்தியாசம் 5 ரூபாய். பி.காம். மானம் போய்க்கொண்டிருந்தது. "சரி, அஞ்சு கேம் எதுக்கு? ஒண்ணே ஒண்ணு வாங்கி ஆடேன்" என்று மடக்கினேன்.

"எதுல ஆடறது? மேன்ஷன்ல டி.வி. ஏது மாமா? ஊருக்குப் போனா இருக்கிறது ஒரே டி.வி. சாயங்காலம் அம்மா சீரியல். அப்புறம் அப்பா நியூஸ். பொறந்ததுலேர்ந்து எங்க வீட்டு ரிமோட்டை நான் பிடிச்சதே இல்லை."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். மனைவி சிரிக்கவில்லை. அவளும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

முதல் சம்பளத்திலிருந்து மாசம் 8,000 ஊருக்கு அனுப்புகிற பையன் அவன். நான் போட்ட கணக்கில் ஒரு செலவு விட்டுப்போயிருந்தது. கன்சோலுக்கு ஒரு டி.வி. வேண்டும். அதை வைக்க ஒரு ஹால் வேண்டும். அந்த ஹாலில் நம் பேச்சு எடுபட வேண்டும். மூன்றும் இல்லாதவனுக்கு 44,990 சல்லிசே இல்லை. யோகோய் ரயிலில் பார்த்த ஆளுக்கும் அந்த நேரத்தில் சொந்தமாக இருந்தது இரண்டு கையும் மடியும்தான்.

"வாங்கிக்கடா" என்றாள் மனைவி. "அப்பாகிட்ட ஆபீஸ்ல கொடுத்ததுன்னு சொல்லிக்கலாம்."

2025 பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் இருந்தோம். மாமனார் திண்ணையில் மச்சினன் பின்னால் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.

"என்னடா அது?"

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ப்பா."

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஏண்டா லாரி ஓடுது?"

'யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2'. செக் நாட்டுக் கம்பெனி 2012-ல் போட்டது. அப்போது கம்ப்யூட்டரில் மட்டும்தான் கிடைக்கும், பிளேஸ்டேஷனில் கிடையாது. மச்சினன் பதில் சொல்லாமல் ஹாலுக்குப் போய் ஒரு ஒயரை டி.வி.யில் சொருகினான். திரை முழுக்க ஜெர்மனி ரோடு. 'அலை'யை அப்பா கையில் கொடுத்து, எது பிரேக், எது ஆக்ஸிலேட்டர் என்று காட்டினான்.

"எல்லாப் பயலும் ராங் சைடுல வர்றானே!"

"அங்க அதுதான்ப்பா ரைட் சைடு."

"ஹாரன் எங்கடா?"

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் பேசி அன்றுதான் பார்த்தேன். பெரும்பாலும் திட்டுதான். இருந்தாலும் பேச்சு.

சீரியல் நேரம் ஆயிற்று. மாமியார் அடுப்படியிலிருந்து வந்து ரிமோட்டைத் தேடினார்.

"இரு, ஹாம்பர்க் வந்துடும்" என்றார் மாமனார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ரிமோட் மச்சினன் சட்டைப் பையில் இருந்தது.